ஓர் ஆடும் சில ஆட்டங்களும்

வருஷங்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் பழக்கம் பல குடும்பங்களில் உண்டு. எங்கள் வீட்டில் 2004 என்றால் 'கடல் வந்த வருஷம்'. 2020 என்றால் 'கதவடைச்ச வருஷம்'. 2022ஆம் ஆண்டுக்கு என் மாமி வைத்த பெயர் 'போலிம் வருஷம்'. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த வருஷம் இந்த நாட்டில் அடுப்பு மூட்டிய எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பெயரை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த நெருக்கடி ஏன் வந்தது, யார் பொறுப்பு என்பதையெல்லாம் படித்தவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் முன்பாகவே குறைந்துபோன ஒன்று இருந்தது. அது பேச்சு. அந்தப் பேச்சை எங்களுக்குத் திருப்பித் தந்தவை இரண்டு. ஒன்று, ஒரு பழைய கதைப் புத்தகம். மற்றது, கிரிக்கெட்.

எங்கள் வீடு காலிக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. இவர் கோட்டைக்குள் உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்து பீரலு ரேந்தை பின்னுகிறேன். என் உம்மாவிடமிருந்து பழகிய கைத்தொழில். மூத்தவன் அப்போது உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி நான்காம் வகுப்பு. இவரின் உம்மா, அதாவது என் மாமி, எழுபத்தைந்தைத் தாண்டியவர். இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஆக, ஆறு பேர்.

2019 ஈஸ்டர் தாக்குதலோடு உல்லாசப் பயணிகள் வரவு விழுந்தது. எழும்பப் பார்த்த நேரம் கொரோனா வந்தது. அதற்குப் பிறகு 2022. கடையில் இவருக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும்தான் வேலை என்றானது. நல்ல நூல் கிடைக்காமல் என் ரேந்தைத் தலையணையும் சுவரோரம் சாய்ந்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1500 ரூபாவுக்கும் குறைவாகக் கிடைத்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4860 ரூபா ஆனது. அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது, முந்திய வருஷம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா கொடுக்க வேண்டும். சம்பளம் பாதி, விலை இரு மடங்கு. இந்தக் கணக்கைச் செய்ய ஒரு பெண்ணுக்குப் பேனாவும் கடதாசியும் தேவையில்லை.

கஷ்டம் எங்களுக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது, வீட்டில் எல்லோரும் ஒரே விஷயத்தை மட்டுமே பேசத் தொடங்கியதுதான். காலையில் எழுந்தால் "கேஸ் வந்ததாமா?" இரவில் படுக்கும்போது "நாளைக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும்?" இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு பேச்சு இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அச்சடிக்கக் கடதாசி இல்லையென்று பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பத்திரிகைகள்கூடப் பக்கங்களைக் குறைத்தன. எங்கள் வீட்டிலும் வாக்கியங்கள் குறைந்தன. மூத்தவன் வரிசைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பான். இவர் வரவு செலவுக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருப்பார். மாமி தஸ்பீஹோடு மூலையில். யாரும் யாரோடும் கோபமில்லை. ஆனால் பேசுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

மின்வெட்டு நேரத்தில் ஒரு விளக்குக்குத்தான் மண்ணெண்ணெய் இருந்தது. ஆகவே மகள் படிப்பதும், நான் கறிக்கு வெட்டுவதும், சின்னவன் எழுதுவதும் எல்லாம் அந்த ஒரே விளக்கைச் சுற்றித்தான். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு மகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, அலுமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என் வாப்பா எனக்கு விட்டுப்போன புத்தகங்களில் ஒன்று. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு', தமிழ் மொழிபெயர்ப்பு. அட்டை கிழிந்திருந்தது. "உம்மா, தலைக்குள்ள ஒண்டும் ஏறுதில்ல. கொஞ்சம் கதை வாசிக்கட்டா?" என்றாள். "வாசி. ஆனா சத்தமா வாசி. விளக்கு ஒண்டுதானே, எல்லாருக்கும் கேட்கட்டும்" என்றேன்.

வாசகிகளில் பலர் இந்தக் கதையை அறிந்திருப்பார்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஊர் ஊராய் அலைந்த எழுத்தாளர், உடம்புக்கு முடியாமல், அமைதியாக இருக்கலாம் என்று கேரளத்தில் தன் சொந்த வீட்டுக்கு வருகிறார். அங்கே அமைதியைத் தவிர மற்ற எல்லாம் இருக்கின்றன. உம்மா, தம்பிமார், அவர்களின் மனைவிமார், தங்கைமார், பிள்ளைகள், கோழிகள், பூனைகள். இது போதாதென்று தங்கை பாத்துமாவின் ஆடும் தினமும் வந்துவிடும். அந்த ஆடு கண்டதையெல்லாம் தின்னும். கடைசியில் அவர் எழுதிய நாவல் புத்தகங்களையே தின்றுவிடும். வீட்டில் எல்லோருக்கும் பணம் வேண்டும். எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். பாத்துமாவுக்கோ தன் குடிசைக்கு ஒரு கதவு போட வேண்டும். ஆட்டுப் பாலை விற்றுக் கதவு போடலாம் என்று கணக்குப் போடுகிறாள். அந்தப் பாலுக்கு அவளுக்குத் தெரியாமல் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்பதுதான் கதை.

மகள் வாசிக்க வாசிக்க, ஆடு புத்தகத்தைத் தின்னும் இடம் வந்தது. மூலையிலிருந்து மாமியின் குரல். "அதுக்குப் போலிம் இல்ல. குடுத்து வெச்ச ஆடு."

முதலில் சின்னவன் சிரித்தான். பிறகு மகள். பிறகு நானும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மூத்தவனின் தோளும் குலுங்கியது. எத்தனை வாரத்துக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்று எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த நாள் மதியம் மண்ணெண்ணெய் வரிசையிலிருந்து வந்த மூத்தவன், கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது, "உம்மா, பாத்துமா கதவு போட்டாவா?" கேனில் எவ்வளவு கிடைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் பாத்துமாவின் கதவைப் பற்றித்தான் பேசினோம்.

அந்த நோன்பு மாதம் முழுவதும் அப்படியே போனது. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், அதற்கு மேல் இல்லை. விளக்குக்கு எண்ணெய் அவ்வளவுதான். கதை தீராமல் இருக்க வேண்டுமே என்ற எண்ணமும் உண்டு. தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினோம். பஷீர் இந்த நூலை 1954ஆம் ஆண்டில், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார். 1959இல்தான் அது புத்தகமாக வெளிவந்தது. இதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னபோது மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சுகமில்லாத நேரத்திலயா இவ்வளவு சிரிப்பா எழுதினார்?" என்று கேட்டாள். அவளுக்கு மே 23ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. அடுத்த நாளே பெற்றோல் லீற்றர் 420 ரூபா ஆனது. ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் பரீட்சை மண்டபத்துக்கு நடந்துதான் போனாள், வந்தாள். "சுகமில்லாம அவர் எழுதினார் தானே, நான் நடந்து போய் எழுத மாட்டேனா" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, தாங்க முடியவில்லை என்று சொல்வது சரி. ஒரு நாள் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் எடுக்க விடியற்காலை போனவர், மஃரிபுக்கு வெறுங்கையோடு வந்தார். உள்ளே சிரிப்புச் சத்தம். வாசலில் நின்றபடி, "நாடு பத்தி எரியுது. நீங்க ஆட்டுக்குச் சிரிக்கிறீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்றவருக்குத்தான் வெயில் தெரியும். ஆனால் நான் நினைத்துப் பார்த்தேன். நாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த வரிசை ஒரு முழம் குறைந்திருக்குமா?

அவரையும் அந்த விளக்கடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது மாமியின் கிரிக்கெட்.

மாமி பாடசாலைக்கு அதிகம் போனவரல்ல. ஆனால் 1996 மார்ச் 17ஆம் திகதி, லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணம் எடுத்த நாளிலிருந்து கிரிக்கெட் அவருக்கு ஒரு பைத்தியம். அரவிந்த டி சில்வாவின் 107 ஓட்டங்களைத் தன் பிள்ளை பரீட்சையில் எடுத்த புள்ளி போலச் சொல்வார். கண் மங்கிய பிறகு தொலைக்காட்சியை விட்டு வானொலிக்கு வந்துவிட்டார். சிங்கள நேர்முக வர்ணனையைக் கேட்டுத் தமிழில் எங்களுக்குச் சொல்வார். 2022இல் அவருடைய கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வதாக இருந்தது. மருந்துத் தட்டுப்பாட்டால் அது தள்ளிப்போனது. திகதி கொடுப்பார்கள், பிறகு அதுவும் தள்ளும். அழுத்தத்துக்குப் போடும் குளிசை ஒரு கடையில் இருந்தால் இன்னொரு கடையில் இல்லை. அந்த நாள்களில் மாமி எங்களிடம் கேட்டதெல்லாம் வானொலிக்கு இரண்டு பற்றரி மட்டும்தான். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் இழுப்பார்.

ஜூன் மாதம் அவுஸ்திரேலிய அணி இலங்கைக்கு வந்தது. எரிபொருள் இல்லாத நாட்டில் மின்விளக்கைப் போட்டுக்கொண்டு ஆட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஜூன் 21ஆம் திகதி கொழும்பில் நான்காவது ஒருநாள் போட்டி. இலங்கை 258. சரித் அசலங்க 110. அவுஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 19 ஓட்டங்கள் தேவை. தசுன் ஷானக பந்து போடுகிறார். கடைசி ஆட்டக்காரர் மூன்று நான்குகள் அடித்துவிட்டார். கடைசிப் பந்துக்கு ஐந்து ஓட்டங்கள். மாமி வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தப் பந்தில் பிடி எடுத்தார்கள். நான்கு ஓட்டங்களால் வெற்றி. 1992க்குப் பிறகு, முப்பது வருஷத்தில் முதற்தடவையாகச் சொந்த மண்ணில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஒருநாள் தொடரை இலங்கை வென்றது. குசினி வாசலில் நின்று, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருந்த இவர், "உம்மா, யாரு கட்ச் பிடிச்ச?" என்று கேட்டபடி வந்து பாயில் உட்கார்ந்தார்.

மூன்று நாள் கழித்து நடந்த கடைசிப் போட்டியில் நம் மக்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போய் விருந்தாளிகளுக்கு நன்றி சொன்னார்கள். அவுஸ்திரேலிய வீரர்கள் தங்கள் பரிசுப் பணத்தை யுனிசெப் மூலம் இலங்கைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்தார்கள். கஷ்டத்திலும் விருந்தாளிக்கு மரியாதை செய்தார்களே என்று மாமிக்குப் பெரிய திருப்தி.

பிறகு ஆட்டம் எங்கள் காலிக்கே வந்தது. காலி மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. வெளியே பஸ் நிலையமும் இந்த மைதானமும் தண்ணீருக்குள் போயின. அதைத் திருத்தி 2007 டிசெம்பரில்தான் மறுபடி டெஸ்ட் ஆடினார்கள். கோட்டை மதிலில் ஏறி நின்றால் காசில்லாமல் ஆட்டம் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பையன்கள் பலரும் கிரிக்கெட் பழகியது அந்த மதிலில் இருந்துதான்.

முதல் டெஸ்டில் இலங்கை மூன்று நாளில், 10 விக்கெட்டால் தோற்றது. இரண்டாவது டெஸ்ட் ஜூலை 8ஆம் திகதி தொடங்கியது. அதற்கு முன்பே நாட்டில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். ஜூலை 9, அறபா நோன்பு. மூத்தவன் நோன்போடு கோட்டை மதிலுக்குப் போனான். அன்று மதிலில் ஆட்டம் பார்ப்பவர்கள் மட்டும் இல்லை. பதாகையும் கொடியும் பிடித்த மக்களும் ஏறி நின்றார்கள். உள்ளே ஆட்டம், வெளியே கோஷம். ஒன்று மற்றதை நிறுத்தவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவன் வந்து சேர்ந்தான். இவர் கேட்டார், "கொழும்பில என்ன நடந்ததாம்?" மாமி கேட்டார், "ஸ்கோர் எவளவு மகன்?" அவன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு இருவருக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னான். "ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம் போயிட்டாம். நாங்க ரெண்டு விக்கெட்டுக்கு 184."

அந்த ஒரு வரியில் எங்கள் 2022 முழுவதும் இருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அடுத்த நாள் ஹஜ்ஜுப் பெருநாள். புது உடுப்பு இல்லை. குர்பான் இறைச்சி வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது. விறகடுப்பில் ஆக்கினோம். அன்று தினேஷ் சந்திமால் நூறு ஓட்டங்களைத் தாண்டிவிட்டு ஆட்டமிழக்காமல் நின்றார். அவர் காலிக்கு வடக்கே அம்பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளை. கடல் வந்த வருஷம் அவர்கள் வீடும் அழிந்தது. மறுநாள் அவர் 206 வரை போனார். மிச்சல் ஸ்டார்க்குக்கு அடித்த சிக்சர் ஒன்று மைதானத்தைத் தாண்டி வீதியில் விழுந்தது. பிரபாத் ஜயசூரிய என்பவருக்கு அதுதான் முதல் டெஸ்ட். வயது 30. உள்ளூர்ப் போட்டிகளில் வருஷக்கணக்காகப் பந்து போட்டவர். மற்றவர்களுக்கு வழியில்லாமல் போனபோதுதான் அவரைக் கூப்பிட்டார்கள். முதல் இன்னிங்சில் ஆறு விக்கெட், இரண்டாவதில் ஆறு விக்கெட். இன்னிங்சாலும் 39 ஓட்டங்களாலும் இலங்கை வென்றது. மாமி சொன்னார், "பாத்தியா, கூப்பிடுற வரைக்கும் கை பழகிட்டே ஈந்திருக்கான்." மாமி யாருக்குச் சொன்னாரோ தெரியாது. சுவரோரம் சாய்ந்திருந்த என் ரேந்தைத் தலையணையை அன்றிரவே எடுத்துத் தூசி தட்டினேன். வீட்டிலிருந்த பழைய நூலைக் கொண்டு சும்மா ஒரு விளிம்பு பின்னத் தொடங்கினேன். விற்பதற்கல்ல, கை மறக்காமல் இருப்பதற்கு.

ஓகஸ்டில் ஆசியக் கிண்ணம். இலங்கையில் நடக்க வேண்டியது, நாட்டு நிலைமையால் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குப் போய்விட்டது. நம் வீட்டுக் கலியாணத்தை வேறு வீட்டில் வைத்தது போல. முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்டு தோற்றார்கள். இவர் வானொலியை நிறுத்தச் சொன்னார். மாமி நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான், இந்தியா, பாகிஸ்தான் என்று ஒவ்வொரு அணியாக வென்றார்கள். செப்டெம்பர் 11, டுபாயில் இறுதிப் போட்டி, மறுபடி பாகிஸ்தானோடு. 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் போனது. அங்கிருந்து பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காமல் 71, வனிந்து ஹசரங்க 36. மொத்தம் 170. பாகிஸ்தான் 147. கிண்ணம் நமக்கு.

அதே நாளில் சிங்கப்பூரில் நம் பெண்கள் வலைப்பந்தாட்டத்தில் ஆசியக் கிண்ணம் எடுத்தார்கள். 63க்கு 53. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அந்த அணியில் இருந்தார். மகள் பாடசாலையில் வலைப்பந்து ஆடியவள். "கிரிக்கெட்ட மட்டும் பேசுறீங்க, இதையும் பேசுங்க" என்று சண்டைக்கு வந்தாள். அவள் கேட்டது சரி. அன்றிரவு இரண்டையும் பேசினோம். விளக்கில் எண்ணெய் தீர்ந்த பிறகும், இருட்டில் படுத்துக்கொண்டு பேசினோம்.

இத்தோடு முடித்தால் இது நல்ல கதையாக இருக்கும். ஆனால் ஆட்டத்தில் வென்றதால் எங்கள் வீட்டுக் கணக்கு நேராகவில்லை. பாத்துமாவின் ஆடு எங்களுக்குப் பால் தரவில்லை. அந்த வருஷம் வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அதில் ஒருவன் என் மூத்தவன். பெறுபேறு வந்தது. இன்னொரு முறை எழுதினால் பல்கலைக்கழகம் கிடைக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். அவன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு கடவுச்சீட்டு வரிசையில் போய் நின்றான். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. தங்கையின் படிப்பும், வாப்பும்மாவின் மருந்தும் அவன் கணக்கில் இருந்தன. நவம்பரில் கட்டாருக்குப் போனான்.

அவன் போவதற்கு முந்திய வாரங்களில் நாங்கள் வேறொரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தோம். சித்தி லெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை'. நம் நாட்டில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது. குழந்தையிலேயே எகிப்தில் பெற்றோரிடமிருந்து கடத்தப்பட்ட பிள்ளை, பம்பாயில் வளர்ந்து, ஊரூராய் அலைந்து, கடைசியில் பெற்றோரை வந்து சேரும் கதை. நாங்கள் பாதியில் இருக்கும்போது அவனுக்குப் பயணத் திகதி வந்துவிட்டது. மகள் மிச்சத்தை வேகமாக வாசித்து முடிக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை. "வேணாம். நீ கொஞ்சம் கொஞ்சமா வாசி. நான் போனில கேட்கிறேன்." அப்படியே செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு ஓய்வு. கைத்தொலைபேசியைப் பாயின் நடுவில் வைத்துவிட்டு வாசிப்பாள். அசன் பெற்றோரைக் கண்ட அத்தியாயத்தை வாசித்த அன்று அந்தப் பக்கத்தில் நெடுநேரம் சத்தம் இல்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தோம். அறுந்திருக்கவில்லை.

மாமிக்கு 2023இல் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஸ்கோரை அவரே வாசிப்பார். ஆனாலும் வர்ணனையை வானொலியில்தான் கேட்பார். அதே வருஷம் ஏப்ரலில், காலி மைதானத்தில், பிரபாத் ஜயசூரிய ஏழே டெஸ்டில் 50 விக்கெட்டை எட்டினார். சுழற்பந்து வீச்சாளர் எவரும் அவ்வளவு விரைவாக எட்டியதில்லை. அந்தச் செய்தியை மாமி கட்டாருக்குத் தானே அழைத்துச் சொன்னார். உல்லாசப் பயணிகள் திரும்பி வந்தார்கள். இவருக்கு முழு வேலை கிடைத்தது. என் ரேந்தைக்கும் ஆள் வருகிறது. அவன் இன்னும் வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருகிறான், போகிறான். ஒரு நெருக்கடி முடிந்ததென்று பத்திரிகையில் எழுதலாம். வீட்டில் அது முடிய இன்னும் காலம் எடுக்கும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லலாம். கஷ்ட காலத்தில் ஒரு வீட்டுக்குக் கஷ்டத்தைத் தவிர வேறொரு பேச்சும் இருக்க வேண்டும். அது கஷ்டத்தைத் தீர்க்காது. ஆனால் ஒரே அறையில் இருக்கும் ஆறு பேர், ஆறு மூலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு அது ஒரு புத்தகமும் ஆட்டமும். இன்னொரு வீட்டில் அது வேறு ஒன்றாக இருக்கலாம். காசு கேட்காததாகவும், கிழவிக்கும் குழந்தைக்கும் ஒன்றாகக் கேட்கக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

இப்போதெல்லாம் நான் வீட்டில் ஓர் அவசரப் பெட்டி வைத்திருக்கிறேன். மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, பருப்பு, உப்பு, மாமியின் ஒரு மாதக் குளிசை. இவர் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு புதுப் பற்றரியும், இன்னும் யாரும் வாசிக்காத ஒரு புத்தகமும் அதற்குள் வைத்தார்.